பாடம் புரிகிறது, மாதிரித் தேர்வில் மட்டும் சறுக்குகிறது

கேள்வி: நான் வணிகவியல் பட்டதாரி. கணக்குப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியைக் கற்று வருகிறேன். இரண்டு வீடியோ கோர்ஸ்களை முழுதாகப் பார்த்து முடித்துவிட்டேன். வட்டி கணக்கிடுவது, செலவுப் பட்டியலைக் கூட்டுவது போன்ற சின்னச் சின்ன புரோகிராம்களை நானே எழுதி ஓடவிட்டிருக்கிறேன். இன்னும் ஆறு வாரத்தில் பி.சி.இ.பி. (பைத்தானில் தொடக்கநிலைச் சான்றிதழ்) தேர்வு எழுத நினைக்கிறேன். ஆனால் மாதிரித் தேர்வுகளில் 58 சதவீதத்தைத் தாண்ட முடியவில்லை. மூன்றாவதாக ஒரு கோர்ஸ் வாங்கட்டுமா? நண்பர் ஒருவர் மைக்ரோசாஃப்ட் 98-361 தேர்வுக்கான வழிகாட்டிப் புத்தகமும், இணையத்தில் கிடைத்த ‘அசல் வினாக்கள்’ தொகுப்பும் கொடுத்திருக்கிறார். அவற்றைப் படிக்கலாமா? இந்தச் சான்றிதழை வைத்து வேலை மாற முடியுமா?

பதில்: மூன்றாவது கோர்ஸ் வேண்டாம். சொந்தமாக புரோகிராம் எழுதி ஓடவைப்பவருக்குப் பாடம் தெரியாது என்று சொல்ல முடியாது. நீங்கள் பழகியது எழுதுவதை; தேர்வு கேட்பது வாசிப்பதை. நாம் எழுதும்போது தெரிந்த வழியில் மட்டுமே போகிறோம், தவறினால் கணினி பிழை காட்டுகிறது, திருத்திக்கொள்கிறோம். தேர்விலோ வேறு யாரோ, வேண்டுமென்றே இடறும்படி எழுதிய ஏழெட்டு வரிகளைக் காட்டி “திரையில் என்ன வரும்?” என்று கேட்பார்கள். ஓடவிட்டுப் பார்க்க வழியில்லை. வீடியோவில் ஆசிரியர் விடை சொல்லும்போது தலையாட்டுவது சுலபம்; அதனால்தான் எல்லாம் புரிந்த மாதிரி இருந்தும் மதிப்பெண் ஏறவில்லை.

நண்பர் தந்த புத்தகத்தை மூடி வையுங்கள். 98-361 என்பது மைக்ரோசாஃப்டின் எம்.டி.ஏ. என்ற தொடக்கநிலைச் சான்றிதழ் வரிசையைச் சேர்ந்த தேர்வு. அந்த வரிசையே 2022 ஜூன் 30-உடன் நிறுத்தப்பட்டுவிட்டது. அதன் பாடத்திட்டம் மைக்ரோசாஃப்டின் சொந்தத் தளமான டாட்நெட் பக்கம் சாய்ந்தது, பைத்தான் தேர்வுக்கு உதவும் பகுதி அதில் மிகக் குறைவு. பி.சி.இ.பி.-யிலும் பதிப்பைக் கவனியுங்கள். இப்போது நடப்பது 30-02. பழைய 30-01-க்கான மாதிரித் தேர்வுகள் இன்னும் உலவுகின்றன. எக்ஸெப்ஷன் (புரோகிராம் ஓடும்போது எழும் பிழைகளும் அவற்றைக் கையாள்வதும்) பற்றி ஒரு வினாகூட இல்லாத மாதிரித் தாள் கையில் இருந்தால், அது பழையது என்றே வைத்துக்கொள்ளலாம். பாடத்திட்டத்தைத் தேர்வு நடத்தும் பைத்தான் இன்ஸ்டிட்யூட்டின் தளத்திலிருந்தே இறக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். இதற்கென்றே அமைந்த ‘பைத்தான் எசென்ஷியல்ஸ் 1’ பாடம் எட்யூப் தளத்திலும் சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியிலும் இலவசமாகக் கிடைக்கிறது. சந்தேகம் வரும் இடத்தைப் புரட்டிப் பார்க்க அது ஒன்றே போதும்.

இனி மதிப்பெண் கணக்கு. 30 வினாக்கள், 40 நிமிடம், தேர்ச்சிக்கு 70 சதவீதம். அடிப்படைகளும் குறியீடுகளும் அடங்கிய முதல் பகுதியில் 7 வினாக்கள், 18 சதவீதம். நிபந்தனைகளும் லூப்களும் 8 வினாக்கள், 29 சதவீதம். லிஸ்ட், டியூப்பிள், டிக்ஷனரி, ஸ்ட்ரிங் ஆகியவை 7 வினாக்கள், 25 சதவீதம். ஃபங்ஷனும் எக்ஸெப்ஷனும் 8 வினாக்கள், 28 சதவீதம். வகுத்துப் பார்த்தால், முதல் பகுதியின் ஒரு வினா ஏறத்தாழ 2.6 சதவீதம், மற்ற மூன்று பகுதிகளிலும் ஒரு வினா 3.5 அல்லது அதற்குச் சற்று மேல். எட்டு வினாக்களைத் தவறவிட்டாலும் கரை சேரலாம். 58 சதவீதத்தில் இருக்கும் நீங்கள் இப்போது சுமார் 13 வினாக்களைத் தவறவிடுகிறீர்கள். ஆக, உங்களுக்கும் தேர்ச்சிக்கும் நடுவே நிற்பவை ஐந்து வினாக்கள்தான். ஆறு வாரத்தில் பிடிக்கக்கூடிய தூரம் இது. அந்த ஐந்தும் எங்கே போகின்றன என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

பென்சிலும் தாளும்

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பவர். பேரேட்டில் ஒவ்வொரு வரவு செலவுக்கும் பக்கத்தில் மீதியை எழுதிக்கொண்டே வருவீர்கள். மனதில் கூட்டி, கடைசியில் மொத்தத்தை மட்டும் எழுத மாட்டீர்கள். புரோகிராமின் வரிகளை, அதாவது கோடு (code) வாசிப்பதும் அப்படித்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு மாறிக்கும் ஒரு பத்தி, நிபந்தனைக்கு ஒரு பத்தி, திரையில் வருவதற்கு ஒரு பத்தி. ஒரு வரி ஓடினால் தாளில் ஒரு பதிவு. இதை ‘டிரேஸ்’ செய்வது என்பார்கள்.

கீழே மாறிகளுக்குத் தமிழ் எழுத்துகளையே பெயராக வைத்திருக்கிறேன். பைத்தான் 3 இதை ஏற்கும், அப்படியே தட்டச்சு செய்து பார்க்கலாம்.

ந = 10 என்று தொடங்குவோம். ‘ந > 0’ என்ற நிபந்தனையோடு ஒரு வைல் லூப். அதற்குள் முதல் வரி ந -= 3 (ந-விலிருந்து 3 கழி). அடுத்து, ந == 4 என்றால் கன்டினியூ (அந்தச் சுற்றின் மீதியை விட்டு அடுத்த சுற்றுக்குப் போ). கடைசி வரி, ந-வை அச்சிடுவது. என்ன அச்சாகும்?

முதல் சுற்று: 10 > 0 சரி, ந 7 ஆகிறது, 7 அச்சாகிறது. இரண்டாவது: 7 > 0 சரி, ந 4 ஆகிறது, கன்டினியூ, அச்சு இல்லை. மூன்றாவது: 4 > 0 சரி, ந 1, அச்சு 1. நான்காவது: 1 > 0 சரி, ந -2, அச்சு -2. ஐந்தாவது: -2 > 0 தவறு, லூப் முடிந்தது. விடை 7, 1, -2.

மனக்கணக்காகப் போடுபவர்களில் பலர் 7, 1 என்று நிறுத்திவிடுவார்கள். பூஜ்யத்துக்குக் கீழே போன உடனே லூப் அறுந்துவிடும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் வைல் தன் நிபந்தனையைச் சுற்றின் தொடக்கத்தில் மட்டுமே பார்க்கும். உள்ளே நடுவில் மதிப்பு மாறினால் அதற்குத் தெரியாது. விடைகளில் ‘7, 1’ கண்டிப்பாக ஒரு வாய்ப்பாக இருக்கும். வினா எழுதுபவர்கள் தவறான விடைகளைச் சும்மா அடுக்குவதில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் செய்யக்கூடிய பிழையின் விளைவு.

தினமும் எட்டு முதல் பத்து சிறு புரோகிராம் துண்டுகளை இப்படித் தாளில் போட்டு, விடையை எழுதி வைத்த பிறகுதான் கணினியில் ஓடவிட வேண்டும். வரிசை முக்கியம். முதலில் ஓடவிட்டால், ‘ஆமாம், இதுதான் நானும் நினைத்தேன்’ என்று மனம் நம்மை ஏமாற்றிவிடும். விடை பொருந்தினாலும் அங்கேயே விட்டுவிடாதீர்கள். ஒரு எண்ணையோ குறியையோ மாற்றி, மறுபடி ஊகியுங்கள். மேலே உள்ள கணக்கில் ந == 4 என்பதை ந == 5 ஆக்கினால் என்ன? கன்டினியூ-வுக்குப் பதில் பிரேக் (லூப்பை விட்டே வெளியேறு) வந்தால் என்ன? லூப்புக்கு ஒரு எல்ஸ் சேர்த்தால் அது ஓடுமா? (பிரேக் வழியாக வெளியேறினால் எல்ஸ் ஓடாது, நிபந்தனை தவறாகி முடிந்தால் ஓடும். ஒரு சுற்றுகூட நடக்காத லூப்பிலும் எல்ஸ் ஓடும்.) ஒரு வினாவிலிருந்து நான்கைந்து வினாக்கள் கிடைத்துவிடும், புதிதாக எதுவும் வாங்க வேண்டியதில்லை.

மதிப்பெண் ஒழுகும் இடங்கள்

குறியீடுகளில் தொடங்குவோம். மதிப்பு குறைந்த பகுதிதான், ஆனால் இங்கே தவறினால் மற்ற பகுதிகளின் வினாக்களும் சேர்ந்து தவறும்.

அடுக்குக்குறி (**) வலமிருந்து இடமாகச் சேரும். 2 ** 3 ** 2 என்பது 2-இன் 9-ஆம் அடுக்கு, 512, 64 அல்ல. மைனஸ் குறியைவிட அடுக்குக்கு முன்னுரிமை, அதனால் -2 ** 2 என்பது -4. ஒற்றைச் சாய்கோடு எப்போதும் ஃப்ளோட் (புள்ளியுள்ள எண்) தரும்: 6 / 3 என்பது 2.0. விடைகளில் 2 என்றும் 2.0 என்றும் இரண்டும் இருக்கும், அவசரத்தில் முதலாவதைக் குறித்துவிடுவோம். இரட்டைச் சாய்கோட்டில் 6 // 3 என்பது 2, ஆனால் 6 // 3.0 என்பது 2.0.

எதிர்ம எண்களில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். பைத்தானில் // கீழ்நோக்கி முழுமையாக்கும், பூஜ்யத்தை நோக்கி அல்ல. எனவே -7 // 2 என்பது -4. மீதியும் (% குறி) அதற்கேற்ப வரும்: -7 % 3 என்பது 2, 7 % -3 என்பது -2. மனப்பாடம் வேண்டாம், ஈவை வகு எண்ணால் பெருக்கி மீதியைக் கூட்டினால் பழைய எண் வர வேண்டும் என்ற ஒரே விதி போதும். -7 // 3 என்பது -3; -3 × 3 = -9; அதோடு 2 கூட்டினால் -7. இதற்கு நேர்மாறாக, இன்ட் ஃபங்ஷன் பூஜ்யத்தை நோக்கி வெட்டும்: இன்ட்(-3.9) என்பது -3. இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பீடுகளைச் சங்கிலியாக எழுதினால் பைத்தான் ஒவ்வொரு ஜோடியையும் தனித்தனியே பார்த்து ‘அண்ட்’ போடும். 1 < 3 < 2 என்பது 1 < 3 அண்ட் 3 < 2, ஆகவே ஃபால்ஸ். 3 > 2 == ட்ரூ என்பதும் அதே கதை: 3 > 2 அண்ட் 2 == ட்ரூ. இரண்டாவது பாதி பொய், எனவே முழுதும் ஃபால்ஸ். அண்ட், ஆர் இரண்டும் ட்ரூ, ஃபால்ஸ் மட்டுமே தரும் என்றும் நினைக்க வேண்டாம். தாம் கடைசியாகப் பார்த்த மதிப்பையே தருகின்றன. 0 ஆர் 5 என்றால் 5; 3 அண்ட் 0 என்றால் 0.

பிட் குறியீடுகளை வேலையில் தொடவே மாட்டோம் என்று பலர் தாண்டிவிடுகிறார்கள். பாடத்திட்டத்தில் இருக்கிறது, ஒரு மணி நேரத்தில் முடியும். 5 என்பது இரும எண்ணில் 101, 3 என்பது 011. 5 & 3 என்பது 1, 5 | 3 என்பது 7, 5 ^ 3 என்பது 6. ~5 என்பது -6. எண்ணோடு ஒன்று கூட்டிக் குறியை மாற்றினால் போதும். இரும, எண்ம, பதினறும எண்களைத் தசம எண்ணாக மாற்றவும் கை பழக வேண்டும். முன்னொட்டு இல்லாமல் வெறும் 017 என்று எழுதினால் அது எண்ம எண் அல்ல. பைத்தான் 3-இல் தொடரியல் பிழை.

இன்புட் எப்போதும் ஸ்ட்ரிங்தான் (எழுத்துச் சரம்) தரும். பயனர் 3-உம் 4-உம் உள்ளிட்டால் கூட்டல் 34 ஆகும். ஒன்றை மட்டும் இன்ட் ஆக்கிவிட்டு மற்றதை விட்டுவிட்ட கோடும் வரும். கூட்டினால் டைப் எரர், பெருக்கினால் பிழையே இல்லை, ஸ்ட்ரிங் அத்தனை முறை திரும்ப வரும்: "3" * 4 என்பது "3333". பிரிண்ட்டில் செப் (மதிப்புகளுக்கு இடையே வருவது), எண்ட் (கடைசியில் வருவது) என்ற இரண்டு விருப்பங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். எண்ட்-இல் புதுவரிக் குறி இல்லாவிட்டால் அடுத்த அச்சு அதே வரியில் தொடரும்.

லூப்களைப் பற்றி மேலே சொன்னதோடு ரேஞ்ச் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ரேஞ்ச்(1, 10, 3) என்றால் 1, 4, 7, முடிவெண் சேராது. ரேஞ்ச்(5, 1) பிழை தராது, வெறுமையாக இருக்கும், லூப் ஒரு முறையும் ஓடாது. ரேஞ்ச்(5, 1, -2) என்றால் 5, 3. லூப் முடிந்த பிறகும் லூப் மாறி தன் கடைசி மதிப்போடு உயிருடன் இருக்கும். அதை வெளியே அச்சிடச் சொல்லும் வினா வரலாம்.

லிஸ்ட் இந்தத் தேர்வின் கடினமான இடங்களில் ஒன்று. நேரத்தை இங்கே தாராளமாகச் செலவழியுங்கள்.

அ = [1, 2, 3] என்று வைத்து, ஆ = அ என்று எழுதினால் இரண்டாவது லிஸ்ட் எதுவும் பிறப்பதில்லை. ஒரே லிஸ்ட்டுக்கு இரண்டு பெயர். ஆ[0] = 9 என்றதும் அ-வும் [9, 2, 3] ஆகிவிடும். நகல் வேண்டுமானால் ஆ = அ[:] என்று எழுத வேண்டும். தாளில் டிரேஸ் செய்யும்போது பெயர்களை இடப்பக்கமும் லிஸ்ட்களைப் பெட்டிகளாக வலப்பக்கமும் வரைந்து அம்புக்குறி போடுங்கள். சமக்குறியைப் பார்க்கும்போதெல்லாம் ‘புதிய பெட்டியா, புதிய அம்பா?’ என்று கேட்டுக்கொண்டால் இந்த வகை வினாக்கள் எல்லாமே விழுந்துவிடும். [[0] * 3] * 2 என்று அணி கட்டினால் இரண்டு வரிசையும் ஒரே பெட்டி. ஒன்றில் மாற்றினால் இன்னொன்றும் மாறும். அ[:] நகலும் மேல் அடுக்கை மட்டும்தான் நகலெடுக்கும். உள்ளே லிஸ்ட் இருந்தால் அந்த உள் லிஸ்ட் பொதுவாகவே இருக்கும்.

ஸ்லைஸுக்கு (லிஸ்ட்டின் ஒரு பகுதியை வெட்டி எடுப்பது) அ = [10, 20, 30, 40] என்று கொள்வோம். அ[1:3] என்பது [20, 30]. அ[1:-1] என்பதும் அதேதான். அ[-1:1] வெற்று லிஸ்ட், ஏனென்றால் தொடக்கம் முடிவைத் தாண்டி நிற்கிறது. அ[10] கேட்டால் இன்டெக்ஸ் எரர். அ[10:] கேட்டால் பிழையில்லை, வெற்று லிஸ்ட். ஸ்லைஸ் எல்லை மீறலைப் பொறுத்துக்கொள்ளும், ஒற்றை எண் பொறுக்காது.

அப்பெண்ட், இன்சர்ட், சார்ட் மூன்றும் இருக்கும் லிஸ்ட்டையே மாற்றிவிட்டு ‘நன்’ (None, மதிப்பு எதுவும் இல்லை) என்பதைத் திருப்பித் தரும். அதனால் அ-வில் அப்பெண்ட் செய்து அதன் விளைவை மறுபடி அ-வுக்கே கொடுத்தால், லிஸ்ட் கைவிட்டுப் போய் அ-வில் நன் மட்டும் மிஞ்சும். சார்ட்டட் மட்டும் புதிய லிஸ்ட் தரும். இப்படி எழுதுவது புதியவர்களின் அன்றாடப் பிழை என்பதால் வினா எழுதுபவர்களுக்கும் இது பிடித்தமான ஒன்று.

மற்றவை சுருக்கமாக. (5) என்பது வெறும் எண், (5,) தான் டியூப்பிள். ஸ்ட்ரிங்கிலும் டியூப்பிளிலும் ஓர் உறுப்பை மாற்ற முயன்றால் டைப் எரர். டிக்ஷனரியில் லூப் ஓட்டினால் கிடைப்பது கீ, மதிப்பு அல்ல; ‘இன்’ சோதிப்பதும் கீ-யைத்தான். இல்லாத கீ-யைப் படித்தால் கீ எரர், இல்லாத கீ-க்கு மதிப்பு கொடுத்தால் புதிய உறுப்பு சேரும். ஒரே கீ இருமுறை எழுதப்பட்டிருந்தால் பின்னது நிற்கும்.

ஃபங்ஷன்களில் இரண்டு முடிச்சுகள். முதலாவது, அளபுருக்களை அனுப்பும் முறை. (அ, ஆ=2, இ=3) என்று வரையறுத்த ஃபங்ஷனை (1, இ=5) என்று அழைக்கலாம். (அ=1, 2) என்று அழைத்தால் தொடரியல் பிழை: பெயரோடு வருவதற்குப் பின்னால் பெயரில்லாதது வரக்கூடாது. (1, அ=2) என்றால் அ-வுக்கு இரண்டு மதிப்பு, டைப் எரர். இரண்டு பிழைகளுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனியுங்கள். முதலாவதில் கோடின் ஒரு வரிகூட ஓடாது. இரண்டாவதில் அந்த அழைப்பு வரை எல்லாம் ஓடி, அதற்கு முன்னால் உள்ள பிரிண்ட்கள் திரையில் வந்திருக்கும். ‘எதுவும் அச்சாகாது’, ‘சில வரிகள் அச்சாகிப் பிறகு பிழை’ என்ற இரண்டு விடைகளுக்கிடையே தடுமாறுபவர்களுக்கு இதுதான் திறவுகோல்.

இரண்டாவது, மாறி எங்கே வாழ்கிறது என்பது. வெளியே உள்ள மாறியை ஃபங்ஷனுக்குள் படிக்கலாம். ஆனால் ஃபங்ஷனுக்குள் எந்த இடத்திலாவது அந்தப் பெயருக்கு மதிப்பு கொடுத்திருந்தால், அந்த ஃபங்ஷன் முழுவதற்கும் அது உள்ளூர் மாறியாகிவிடும். ஆகவே வெளியே ந = 5 என்று வைத்து, உள்ளே நேராக ந += 1 எழுதினால் 6 வராது; அன்பவுண்ட் லோக்கல் எரர் வரும். குளோபல் என்று முதலில் அறிவித்திருந்தால் மட்டுமே 6. ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷனின் விளைவை அச்சிட்டால் நன் வரும் என்பதும் இங்கே அடிக்கடி கைகொடுக்கும்.

எக்ஸெப்ஷனில் குடும்ப மரத்தைத் தாளில் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். உச்சியில் பேஸ் எக்ஸெப்ஷன். அதன் கீழே எக்ஸெப்ஷன், சிஸ்டம் எக்ஸிட், கீபோர்டு இன்டரப்ட். எக்ஸெப்ஷனுக்குக் கீழே அரித்மெட்டிக் எரர், லுக்கப் எரர், டைப் எரர், வேல்யூ எரர். அரித்மெட்டிக்குக் கீழே ஸீரோ டிவிஷன் எரர். லுக்கப்புக்குக் கீழே இன்டெக்ஸ் எரரும் கீ எரரும். எக்ஸெப்ட் கிளைகளை மேலிருந்து பார்த்து, பொருந்தும் முதல் கிளையை மட்டும் பைத்தான் ஓட்டும். அரித்மெட்டிக் எரர் மேலேயும் ஸீரோ டிவிஷன் எரர் கீழேயும் எழுதியிருந்தால், கீழ்க்கிளைக்கு வாய்ப்பே வராது. ஆனால் அது பிழையும் அல்ல. பெயர் இல்லாத வெறும் எக்ஸெப்ட்டைக் கடைசியில் வைக்காமல் நடுவில் வைத்தால்தான் தொடரியல் பிழை. டைப் எரரும் வேல்யூ எரரும் குழம்பினால் இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: இன்ட்டுக்கு "3.5" என்ற ஸ்ட்ரிங்கைக் கொடுத்தால் வகை ஏற்கத்தக்கது, உள்ளடக்கம் சரியில்லை, அதனால் வேல்யூ எரர், ஒரு லிஸ்ட்டைக் கொடுத்தால் வகையே ஒத்துவராது, அதனால் டைப் எரர்.

ஆறு வாரத்தை எப்படிப் பிரிப்பது

வேலைக்குப் போகிறவர் என்பதால் நாளுக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன். 40 நிமிடம் தாளில், 20 நிமிடம் கணினியில். முதல் வாரம் குறியீடுகள், எண்முறைகள், இன்புட், பிரிண்ட். இரண்டாவது வாரம் நிபந்தனைகளும் லூப்களும். மூன்றாவது வாரமும் நான்காவதின் முதல் மூன்று நாளும் லிஸ்ட் குடும்பம். அதிலிருந்து ஐந்தாவது வாரத்தின் பாதிவரை ஃபங்ஷனும் எக்ஸெப்ஷனும். மிச்சமிருக்கும் பத்து நாளில் நேரம் வைத்து மூன்று முழு மாதிரித் தேர்வுகள், அவற்றுக்கிடையே பிழைத் திருத்தம்.

பிழைகளுக்குத் தனி நோட்டு வேண்டும். அதில் சரியான விடையை எழுதினால் பயன் குறைவு. ஏன் தவறியது என்பதை எழுதுங்கள். காரணம் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். விதி தெரியாது; விதி தெரிந்தும் வரியைச் சரியாகப் பார்க்கவில்லை; நேரமில்லாமல் ஊகித்தேன். முதல் வகைக்குப் பாடத்தைப் புரட்டுங்கள். இரண்டாவது வகைக்குப் பாடம் உதவாது, டிரேஸ்தான் மருந்து. உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகையாக இருக்கும் என்பது என் ஊகம். ஏற்கெனவே எழுதிய இரண்டு மாதிரித் தாள்களை எடுத்து இப்படிப் பிரித்துப் பாருங்கள், ஒரு மாலையில் தெரிந்துவிடும்.

ஒரே மாதிரித் தேர்வைத் திரும்பத் திரும்ப எழுதி 90 சதவீதம் வந்துவிட்டது என்று மகிழ வேண்டாம். மூன்றாவது முறை விடை நினைவிலிருந்து வரும். இதுவரை பார்க்காத தாளில், நேரத்துக்குள், இரண்டு முறை 80 சதவீதம் தாண்டினால் தேர்வு நாளைக் குறிக்கலாம். பதற்றத்தில் இரண்டு மூன்று வினாக்கள் போனாலும் 70-க்கு மேலே நிற்க அந்த இடைவெளி தேவை. ஆறாவது வாரத்தில் அது எட்டவில்லை என்றால் தேதியை இரண்டு வாரம் தள்ளிப்போடுவதில் ஒரு குறையும் இல்லை.

நண்பர் தந்த ‘அசல் வினாக்கள்’ தொகுப்பை அழித்துவிடுங்கள். வினாக்களை வெளியிட மாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் ஒவ்வொருவரும் தேர்வைத் தொடங்குகிறார்கள்; அதை மீறி வந்த சரக்கு அது. பிடிபட்டால் முடிவு ரத்தாகலாம் என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், இத்தகைய தொகுப்புகளில் விடைகளே தவறாக இருப்பது சகஜம், யார் திருத்தினார்கள் என்று கேட்க ஆள் கிடையாது. -7 // 2 என்பது -3 என்று அதில் படித்து மனதில் பதிந்துவிட்டால், அதை அழிப்பதற்குத் தனி உழைப்பு வேண்டும்.

அந்த 40 நிமிடம்

ஒரு வினாவுக்கு 80 விநாடி. வரையறை கேட்கும் வினாக்கள் 20 விநாடியில் முடியும், அந்த மிச்சம்தான் லூப் வினாக்களுக்கு உணவு. இரண்டு நிமிடத்தில் முடியாத வினாவுக்கு ஒரு விடையைக் குறித்துவிட்டு நகருங்கள். முந்தைய வினாவுக்குத் திரும்ப முடியுமா என்பதைத் தொடக்க விளக்கப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். தாளும் பென்சிலும் அனுமதியா என்பதையும் பதிவு செய்யும்போதே விதிகளில் படியுங்கள். அனுமதி இல்லாத முறையில் எழுதுவதாக இருந்தால், கடைசி இரண்டு மாதிரித் தேர்வுகளையும் தாள் இல்லாமலே பழக வேண்டும்.

கோடு வந்ததும் மதிப்புகளைத் துரத்துவதற்கு முன் ஐந்து விநாடி அதன் வடிவத்தைப் பாருங்கள். நிபந்தனைக்குப் பின் முக்காற்புள்ளி இருக்கிறதா, உள்தள்ளல் எந்த வரி எதற்குள் என்று சொல்கிறதா, சமக்குறி ஒன்றா இரண்டா? விடைகளில் ‘பிழை ஏற்படும்’ என்று ஒன்று இருந்தால் இந்தப் பார்வை கட்டாயம். உள்தள்ளலில்தான் கண் அதிகம் ஏமாறும். பிரிண்ட் லூப்புக்குள் இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை வைத்தே விடை மாறும் வினாக்கள் உண்டு.

எல்லாமே ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள் அல்ல. ‘இரண்டைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று இருந்தால் எண்ணிக்கையைச் சரிபார்த்துவிட்டு நகருங்கள். வரிகளை இழுத்து வரிசைப்படுத்தும் வினாவில் டெஃப், எல்ஸ், எக்ஸெப்ட் போன்ற தலைப்பு வரிகளை முதலில் பொருத்துங்கள், மற்றவை தானாக இடம் பிடிக்கும். கோடிட்ட இடத்தை நிரப்பும் வினாவில் சிறிய எழுத்து, பெரிய எழுத்து முக்கியம்: ட்ரூ, ஃபால்ஸ், நன் மூன்றும் பெரிய எழுத்தில் தொடங்கும், மற்ற திறவுச்சொற்கள் எல்லாம் சிறிய எழுத்து.

வேலை மாற்றம் பற்றி நேராகவே சொல்கிறேன். இந்தச் சான்றிதழ் மட்டும் யாரையும் வேலையில் அமர்த்தாது. பைத்தானின் அடிப்படையை ஒருவர் ஒழுங்காக வாசிப்பார் என்பதைத் தவிர அது வேறெதையும் சொல்வதில்லை. அடுத்த படியான பி.சி.ஏ.பி. கூட நுழைவாயிலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் உங்களிடம் வேறொன்று இருக்கிறது. கணக்குப் பிரிவில் என்ன வேலை கையால் நடக்கிறது, எங்கே பிழை வருகிறது என்று உங்களுக்குத் தெரியும். தேர்வு முடிந்ததும், அலுவலகத்தில் நீங்கள் மாதாமாதம் எக்ஸலில் ஒப்பிட்டுப் பார்க்கும் இரண்டு பட்டியல்களை எடுத்து, பொருந்தாத வரிகளை மட்டும் தனியே எழுதித் தரும் ஒரு புரோகிராம் செய்யுங்கள். உண்மையான பெயர்களும் தொகைகளும் வெளியே போகாதபடி போலித் தரவை வைத்து அதைக் கிட்ஹப்பில் போடுங்கள். கோப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும், தொகை இருக்க வேண்டிய இடத்தில் எழுத்து இருந்தால் என்ன ஆகும் என்பதை எக்ஸெப்ஷன் கொண்டு கையாளுங்கள். நேர்முகத் தேர்வில் சான்றிதழைப் பற்றி ஒரு கேள்விதான் வரும், இந்தப் புரோகிராமைப் பற்றிப் பத்துக் கேள்வி வரும்.